மானூர், நாங்குநேரி பக்கம் நல்ல காய்கறி எங்கே கிடைக்குது? ஒரு வரைபடம் போடலாமா?

கோடு_போடுறவன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மென்பொருள் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு மாசத்தில் பாதி நாள் திருநெல்வேலி மாவட்டம் மானூர் ஒன்றியத்தில் அம்மா ஊரில்தான் இருக்கேன். ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல ஓடுது, இங்கே கேட்டுப் பார்க்கலாம்னு எழுதுறேன்.

பாளையங்கோட்டையில இருந்தா மகாராஜநகர் உழவர் சந்தையில காலையில போனா இல்லாத காயே இல்லை. எங்க ஊர் பெட்டிக்கடையில வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. அதிர்ஷ்டம் இருந்தா வாடின கத்தரிக்காய். அதே கடை வாசல்ல அஞ்சு ரூபா, பத்து ரூபா நொறுக்குத்தீனி பாக்கெட் மட்டும் சரம் சரமாத் தொங்குது. 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில தமிழ்நாட்டுல நூத்துக்கு 14.4 பேருக்கு சர்க்கரை நோய்னு வந்தது. எங்க தெருவுல அதை விடக் கூட இருக்கும்னுதான் தோணுது. டாக்டர் "காய்கறி நிறையச் சாப்பிடுங்க" என்கிறார். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும்னு சொல்லுது. எங்கே போய் வாங்க?

அமெரிக்காவுல அவங்க வேளாண்மைத் துறை இதுக்குன்னே ஒரு வரைபடம் வச்சிருக்கு. வருமானம் குறைஞ்ச பகுதியில, நகரம்னா சூப்பர் மார்க்கெட் 1 மைலுக்கு மேல, கிராமம்னா 10 மைலுக்கு மேல தள்ளி இருந்தா அங்கே நல்ல சாப்பாடு கைக்கு எட்டலைன்னு அடையாளம் போட்டுருவாங்க. எங்கே சந்தை வைக்கணும், எங்கே கடைக்குக் கடன் உதவி தரணும்னு முடிவெடுக்க அது உதவுது.

அதே மாதிரி நம்ம பக்கம் போட்டால் என்ன? யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அதுல நம்ம கிராமத்துக் கடைகள் பாதிக்கு மேல ஏறவே இல்லை. ஆளுக்கு ஒரு ஊர்னு எடுத்தா மானூர், நாங்குநேரி, ராதாபுரம் மூணு ஒன்றியமும் முடிச்சிரலாம். எதையெல்லாம் குறிக்கணும்னு சொல்லுங்க.

மூலக்கரைப்பட்டி_மதினி

தம்பி, நல்ல எண்ணம்தான். ஆனா கடையை எண்ணி என்ன செய்யப் போறிய?

எங்க ஊர்ல காய் விக்கிற கடைன்னு ஒண்ணு கிடையாது. உங்க படத்துல எங்க ஊர் "காய் கிடைக்காது"ன்னு சிவப்பாத்தான் இருக்கும். ஆனா செவ்வாயும் சனியும் லோடு ஆட்டோ வருது. மைக்ல பதிஞ்சு வச்ச குரல், நாலு தெருவுக்குக் கேக்கும். அவரைக்காய், புடலங்காய், பீட்ரூட், சுரைக்காய் எல்லாம் இருக்கும். விலையும் டவுனை விட ரொம்பக் கூட இல்ல. வெள்ளனே ஆறு மணிக்கெல்லாம் ஒரு ஆச்சி தலைச்சுமையா கீரை கொண்டாருவா. அரைக்கீரை, தண்டங்கீரை, செவ்வாய் வெள்ளிக்கு அகத்தி.

சரி, அப்ப எங்க ஊரைப் பச்சையாக்கிரலாமா? அதுவும் பொய்தான். கேளுங்க. ஆட்டோ வார நேரம் பதினொண்ணு. அந்நேரம் பாதிப் பொம்பளைங்க நூறு நாள் வேலையில நிக்காவ, மீதிப் பேர் பீடி சுத்திக்கிட்டு இருக்காவ. பீடி சுத்துறவ வீட்டுல இருந்தாலும் மடியில முறத்தைப் போட்டு உக்காந்தா எந்திரிக்க மாட்டா, அன்னைக்குக் கணக்கு குறைஞ்சிரும். வேலைக்குப் போனவ திரும்பி வாரதுக்குள்ள வண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். ஆச்சி கீரை கொண்டாரது எல்லாருக்கும் தோதான நேரம். ஆனா அன்னைக்குக் கையில காசு இருக்கணுமே.

பீடிக்குக் கூலி வாரத்துக்கு ஒருக்கத்தான். கூலி போடுற அன்னைக்கு எங்க தெருவில காய் வாங்காத வீடு இருக்காது. அதுக்கு மூணாவது நாள் வந்து பாருங்க. ரசமும் துவையலும்தான்.

கடை எத்தனை மைல்னு கேக்குறதை விட, காய் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு வருது, அந்நேரம் யார் கையில துட்டு இருக்குன்னு கேளுங்க.

நயினார்குளம்_கமிஷன்

மதினி சொன்னது நூத்துக்கு நூறு. நான் நயினார்குளம் மார்க்கெட்ல கமிஷன் கடையில கணக்கு எழுதுறவன். காய் பிரச்சினையே இல்லை நம்ம சீமையில. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கம் விளையுற காய்தான் புளியரை வழியாக் கேரளாவுக்கு லாரி லாரியாப் போகுது. ஓணம் வந்தா இங்கே விலை எகிறும், அது எல்லாருக்கும் தெரியும். களக்காட்டுப் பக்கம் வாழை. மார்கழி, தைக்கு சிறுகிழங்கு. விளையுற இடத்துல இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊருக்குக் காய் வரலைங்கிறதுதான் கூத்து.

ஏன் வரலைன்னா, லோடு ஆட்டோக்காரன் கணக்கு அப்படி. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மூணு மணிக்கு இங்கே வந்து சரக்கு எடுப்பான். பாதிக் காசு கட்டுவான், பாதி மறுநாள். போற ஊர்ல எவ்வளவு போகும்னு அவனுக்குக் குருட்டாம்போக்குதான். கூட எடுத்தா சாயங்காலம் கீரையும் தக்காளியும் மாட்டுக்குத்தான். அதனால என்ன செய்வான்? கெடாததா எடுப்பான். வெங்காயம், உருளை, சேனை, முட்டைக்கோஸ். அவரை, வெண்டை, கீரையெல்லாம் ஒப்புக்குக் கொஞ்சம். சின்ன ஊர்னா வண்டியைத் திருப்பவே மாட்டான், டீசல் கட்டாது.

விலைத் தகவலுக்குப் பஞ்சமே இல்ல. மத்திய அரசோட சந்தை விலை இணையதளம் அக்மார்க்நெட் 2000-லயே வந்தாச்சு. 2018-ல தமிழ்நாடு அரசோட உழவன் செயலி. உழவர் சந்தையில தினமும் காலையில பலகையில விலை எழுதிப் போடுறாங்க. மொத்த விலையை விட 20 சதவீதம் கூட, சில்லறை விலையை விட 15 சதவீதம் கம்மி என்பது அங்கே வழக்கமாச் சொல்ற கணக்கு. இதெல்லாம் விக்கிறவனுக்கும் டவுன்ல வாங்குறவனுக்கும். மூலக்கரைப்பட்டி தாண்டி ஒரு ஊர்ல நாளைக்கு எத்தனை வீட்டுக்கு வெண்டைக்காய் வேணும்னு எந்தச் செயலியும் சொல்லாது. வண்டிக்காரனுக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

இன்னொண்ணு. ஒவ்வொரு ஊர்லயும் சத்துணவு மையம் இருக்கு, இப்போ காலை உணவும் இருக்கு. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சது, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்திருச்சு. காய்கறி போட்ட சாம்பார் அதுல உண்டு. மையத்துல காய் வாங்க ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு காசு ஒதுக்குறாங்க. அந்தக் காயை ஊருக்கு வர்ற வண்டியிலயே வாங்கினா அவனுக்கு டீசல் காசு நிச்சயம். டீசல் காசு நிச்சயம்னா சின்ன ஊருக்கும் வண்டி திரும்பும். சில ஊர்ல அப்படித்தான் நடக்குது, யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. எந்த ஊர்ல நடக்குது, எந்த ஊர்ல அமைப்பாளர் டவுன்ல இருந்து சுமந்துக்கிட்டு வாராங்கன்னு எடுத்தாலே உருப்படியான தகவல்.

பேட்டை_ரயிலடி

இன்னும் ஒரு வரைபடமா! வே, 2021 மே மாசம் முழு ஊரடங்குல தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து தெருத்தெருவா காய்கறி வண்டி விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? எந்த வார்டுக்கு எந்த வண்டி, ஓட்டுறவர் யாரு, அவர் போன் நம்பர் என்ன, எல்லாம் பட்டியலாப் போட்டாங்க. ஊரடங்கு முடிஞ்சதும் அந்தப் பட்டியலை யாராவது எடுத்துப் பார்த்தாங்களா? எங்க வார்டுக்கு வந்த வண்டி மறுமாசமே நின்னு போச்சு. தகவல் இல்லாம ஒண்ணும் கெட்டுப்போகலை. தகவலை வச்சு வேலை செய்ய ஆள் இல்லாமத்தான் கெட்டுப்போகுது.

செயலி போடுவிய, ஆறு மாசம் ஓடும், பெறவு பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கைரேகை

பேட்டை அண்ணாச்சிக்கு எப்பவும் கோவம்தான். நான் ரேஷன் கடையில பில் போடுறவ, ஊர் பேர் வேண்டாம். எங்க பக்கத்துக் கதையைச் சொல்றேன்.

2017-ல மின்னணு குடும்ப அட்டை வந்ததுல இருந்து எங்க கடையில எவ்வளவு இருப்பு, எவ்வளவு போச்சு எல்லாம் கருவியில இருக்கு. பில் போட்டதும் கார்டுதாரர் போனுக்குக் குறுஞ்செய்தி போகுது. வாங்காத பொருளுக்கு வாங்கினதா செய்தி வந்தா மறுநாள் காலையில கடை வாசல்ல நிக்காங்க. அந்த ஒரு விஷயத்துல தொழில்நுட்பம் உண்மையிலேயே வேலை செஞ்சிருக்கு, நான் கண்ணால பார்த்தது. பொது விநியோகத் துறை இணையதளத்துல எந்தக் கடையில எவ்வளவு பருப்பு, பாமாயில் இருக்குன்னு யாரும் பார்க்கலாம். பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. வெளியில அந்த விலைக்குப் பருப்பு எங்கே கிடைக்கும்? ஏழை வீட்டுக்குப் புரதம்னா அதுதான். ஆனா எங்க கடை வரிசையில நிக்கிறவங்கள்ல அந்த இணையதளத்தைப் பார்த்தவங்க விரல் விட்டு எண்ணலாம். "பருப்பு வந்துட்டாம்மா"ன்னு கேட்டு எனக்கு வர்ற போன்தான் இன்னைக்கும் எங்க ஊர்ல தகவல் மையம்.

விரல்னு சொன்னதும் ஞாபகம் வருது. பீடி சுத்துற பெரியம்மைங்களுக்கு ரேகை விழாது. இலை வெட்டி வெட்டி, தூளை உருட்டி உருட்டி, விரல் நுனி தேஞ்சு வழுவழுன்னு ஆயிடும். கருவியில வைப்பாங்க, சிவப்பு வரும். தலைமுடியில தடவிட்டு வைப்பாங்க, மறுபடி சிவப்பு. அப்புறம் கண்ணைப் பார்த்துப் பதியுற கருவி வந்த கடையில கொஞ்சம் பரவாயில்ல. இவங்களுக்குக் கார்டு இருக்கு, கடை இருக்கு, கடையில பொருளும் இருக்கு. உங்க வரைபடத்துல பச்சை. அந்தப் பெரியம்மை வெறும் பையோட திரும்பிப் போனது எந்தக் கணக்குலயும் ஏறாது. என்னைக் கேட்டா, கிடைக்காம திரும்பினவங்களைக் குறிச்சு வைக்க ஒரு வழி பண்ணுங்க.

செறிவூட்டின அரிசி பத்தியும் சொல்லணும். நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்தாங்க. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த மணி அது. பார்க்கக் கொஞ்சம் மஞ்சளா வேற மாதிரி இருக்கும், தண்ணியில மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி"ன்னு வாட்சப்ல ஒரு வீடியோ சுத்திச்சு பாருங்க, அன்னையில இருந்து முறத்துல போட்டுப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே எறிஞ்சாங்க. ரத்தசோகைக்குன்னு அரசாங்கம் காசு போட்டுக் கலந்ததைக் கோழி தின்னுச்சு. வாட்சப்பும் தொழில்நுட்பம்தானே?

உவரி_சாளை

காய்கறியே பேசுதிய, மீனை மறந்துட்டியளே. சாளை, நெத்திலி மாதிரி மலிவாக் கிடைக்கிற சத்து வேற எது?

இதுல ஒரு பழைய ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிச்சது. வட கேரளாவுல 1997-ல இருந்து 2001-க்குள்ள செல்போன் கோபுரம் ஒவ்வொரு பகுதியா வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் அப்போ சாளை மீன் சந்தைகளைத் தொடர்ந்து கவனிச்சு 2007-ல எழுதினார். போன் வாரதுக்கு முந்தி ஒரு கரையில மீன் வாங்க ஆளில்லாம கடல்ல கொட்டுவாங்க, பக்கத்துக் கரையில மீன் கிடைக்காம வெறும் கூடையோட நிப்பாங்க. போன் வந்ததும் கடல்ல இருந்தே கேட்டுட்டு விலை கிடைக்கிற கரைக்குப் போனாங்க. வீணாப் போற மீன் நின்னுது, மீனவருக்கு லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சது. எந்த அரசாங்கமும் செயலி விடலை. வரைபடம் போடலை. பேசிக்க ஒரு வழி கிடைச்சது, அவ்வளவுதான்.

எங்க பக்கத்துல இப்பவும் அப்படித்தான். டிவிஎஸ் வண்டியில பெட்டி கட்டிக்கிட்டு திசையன்விளை, வள்ளியூர் பக்கம் உள்ளூருக்குள்ள போற ஒருத்தர் இருக்கார். கரையில ஏலம் எடுத்ததும் வாட்சப்ல குரல் பதிவு போட்டுருவார். "சாளை நல்லா இருக்கு, நெத்திலி கொஞ்சம்தான், பத்து மணிக்கு உங்க ஊர்." எழுத மாட்டார், படிக்க மாட்டார். குரல்தான். வேணும்னவங்க திருப்பிக் குரல்ல "ஒரு கிலோ எடுத்து வையுங்க அண்ணாச்சி"ன்னு சொல்லுவாங்க. அவர் பெட்டியில மீன் மிஞ்சி நான் பார்த்தது இல்ல.

கமிஷன் அண்ணாச்சி சொன்ன "எத்தனை வீட்டுக்கு வெண்டைக்காய்" கேள்விக்கு இதுதான் பதில்.

துணைசுகாதாரம்

ராத்திரி பத்து மணிக்கு மேலதான் எனக்கு இதைப் படிக்கவே நேரம் கிடைச்சது. கிராம சுகாதார செவிலியர். தகவல், தகவல்னு எல்லாரும் பேசுறதைப் பார்க்கும்போது சிரிப்பு வருது, கோவமும் வருது. எங்க கிட்ட இல்லாத தகவலா?

கர்ப்பிணிகளோட ரத்த அளவு எங்க கிட்ட இருக்கு. அங்கன்வாடியில பிள்ளைகளோட எடை, உயரம் 2021-ல இருந்து போஷன் டிராக்கர் செயலியில ஏறுது. இப்போ சத்துமாவு வாங்க முகத்தையும் படம் பிடிக்கணும், பிள்ளை அழுதா செயலி ஒத்துக்காது, டவர் இல்லைன்னா அதுவும் போச்சு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, வீடு வீடா சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துப் பதியுறோம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 என்ன சொல்லுது? தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசுக்குள்ள உள்ள பெண்கள்ல 53.4 சதவீதத்துக்கு ரத்தசோகை. அதே பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். பாதிக்கு மேல ரத்தம் இல்ல, பாதிக்குக் கொஞ்சம் கீழ உடம்பு பருமன். எங்க பதிவேட்டுல ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கிற வீடு நிறைய. வயிறு நிறையுது, சோறு நிறையுது, மத்தது இல்ல.

இவ்வளவும் மேலே போகுது. சென்னைக்குப் போகுது, டெல்லிக்குப் போகுது. தெருவுக்கு ஒண்ணும் திரும்பி வரலை. எங்க துணை சுகாதார நிலையத்துக்குக் கீழே இருக்கிற ஊர்கள்ல எந்த ஊர்ல ரத்தசோகை கூட என்கிறது எனக்குத் தெரியும். எந்த ஊருக்குக் காய் வண்டி வரலைங்கிறது கமிஷன் சாருக்குத் தெரியும். இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு யாரும் பார்த்ததில்ல.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். கிடைக்குறதுக்கும் சாப்பிடுறதுக்கும் நடுவுல நேரம்னு ஒண்ணு இருக்கு. முருங்கை மரம் இல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா? காசு குடுக்க வேண்டாம், கொல்லையில ஒடிச்சா போதும். இருந்தும் ஏன் வாரத்துக்கு ஒரு நாள் கூட முருங்கைக்கீரை இல்லைன்னு நான் கேக்காத வீடு இல்ல. "ஆய நேரம் எங்கம்மா இருக்கு"ங்கிறதுதான் பதில். ஆஞ்ச கீரையைப் பத்து ரூபாய்க்கு விக்க ஒரு ஆள் இருந்தா வாங்கத் தயாரா இருக்காங்க. அகத்திக்கும் அதே கதைதான். உங்க கணக்குல "கீரை கிடைக்கும்"னு போடுறதும் "ஆஞ்ச கீரை கிடைக்கும்"னு போடுறதும் ஒண்ணு இல்ல.

பள்ளிக்கூடத்துல சாப்பாடு போட்டுப் பிள்ளைகளைக் கரையேத்தின மண்ணு இது. காமராஜர் 1956-ல மதிய உணவை எட்டயபுரத்துல தொடங்கி வச்சப்போ அது நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். பிள்ளைகளுக்கு அன்னைக்கு இருந்து இன்னைக்கு வரை ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கு. பிள்ளையைப் பெத்தவளுக்குத்தான் ஒண்ணும் இல்ல.

காரையார்_அணை

நடுவுல புகுந்து சொல்றேன். காரையார் அணைக்கு மேல இஞ்சிக்குழியில இருக்கிற காணிப் பழங்குடிகள் வரைக்கும் இந்தக் குரல் பதிவு போகாது. அணையில படகு, அப்புறம் காட்டுக்குள்ள நடை. டவர் கிடையாது. அதே நேரம் அங்கே கிழங்கும் தேனும் மிளகும் இருக்கு. டவர் இல்லாத ஊரையெல்லாம் "தகவல் இல்லை"ன்னு வெள்ளையா விட்டுட்டு, பெறவு வெள்ளைன்னா பிரச்சினை இல்லைன்னு யாராவது படிச்சிரக் கூடாது.

கோடு_போடுறவன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கடை வரைபடம் வேண்டாம். சூப்பர் மார்க்கெட் தூரம்ங்கிறது கார் வச்சு வாரத்துக்கு ஒருக்க வாங்குற ஊருக்கான அளவு. நமக்கு வேண்டியது கால அட்டவணை.

இப்படி யோசிக்கிறேன். ஒரு ஊருக்கு ஒரு வரி. என்ன கிழமை, எத்தனை மணி, எந்தத் தெரு முக்கு, என்ன வருது: காய் வண்டி, கீரை, மீன், ரேஷன் பருப்பு. பக்கத்துல அந்த ஊருக்குக் கூலி போடுற நாள், நூறு நாள் வேலை முடியுற நேரம். பஸ்ஸும் சேர்க்கணும். 2021-ல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காலையில உழவர் சந்தை திறந்திருக்கிற நேரத்துக்குள்ள போய்த் திரும்ப எந்த ஊருக்கு இலவச பஸ் இருக்கு, எந்த ஊருக்கு பஸ் வாரதுக்குள்ள சந்தை முடிஞ்சிருதுன்னு பார்த்தா, சில ஊருக்கு வண்டியே தேவைப்படாது, பஸ் நேரத்தை அரை மணி முன்னால தள்ளினா போதும். அது மனு போட்டுக் கேக்கக்கூடிய விஷயம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல சந்தைக்கு நாளும் நேரமும் போட இடம் இருக்கு. வாரச்சந்தைகளை அதுல ஏத்திரலாம். நடமாடும் வண்டிக்கு அது சரிப்படாது, ஒரு சாதாரண அட்டவணைத் தாள் போதும். செயலி கிடையாது. பேட்டை அண்ணாச்சி, பாஸ்வேர்டும் கிடையாது.

திரும்பிப் போனவங்க கணக்கு பத்தி: ரேஷன் கடை வாசல்ல நாம உக்காந்து குறிக்க முடியாது. ஆனா ஊர்ல ஒருத்தர் மாசத்துக்கு ஒரு தடவை பத்து வீட்டுல "இந்த மாசம் போய் வாங்காமத் திரும்பினியளா, ஏன்"னு கேட்டுப் போடலாம். செவிலியர் மேடம் சொன்ன ரத்தசோகை விவரம் எனக்கு வேண்டாம். அது நோயாளியோடது. எந்த ஊருக்கு முதல்ல வண்டி வரணும்னு மட்டும் நீங்க சொன்னா போதும், ஏன்னு நாங்க கேக்க மாட்டோம்.

பேட்டை_ரயிலடி

இப்பதான் ஏதோ உருப்படியாப் பேசுதிய. ஆனா ரெண்டு விஷயம் இடிக்குது.

வண்டிக்காரன் நம்பரை இணையத்துல போட்டா நாளைக்கே ஒரு பெரிய கம்பெனிக்காரன் அந்தப் பட்டியலை எடுத்து, எந்த ஊர்ல எவ்வளவு போகுதுன்னு பார்த்துட்டு, ரெண்டு மாசம் நஷ்டத்துக்கு வித்து இவனை ஒழிச்சிருவான். அப்புறம் அவனும் கட்டுப்படியாகலைன்னு போயிருவான். ஊருக்கு வண்டியும் இல்ல, கம்பெனியும் இல்ல. 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, ஆனா கீரைக்கார ஆச்சியோட வாடிக்கைத் தெருவை அது காப்பாத்தாது. நேரமும் இடமும் பொதுவில இருக்கட்டும். நம்பரும் விற்பனை அளவும் ஊர்க் குரூப்புக்குள்ளயே இருக்கட்டும்.

ரெண்டாவது, கூலி போடுற நாள். அது வெளியே தெரிஞ்சா காய் வண்டி வருமோ இல்லையோ, வட்டிக்கு விடுறவன் முதல்ல வந்து நிப்பான். இப்பவே குழுக் கடன் வசூலுக்கு வாரவனுக்கு அந்தக் கிழமை மனப்பாடம். நீங்க வேற எழுதி ஒட்டாதிய.

நயினார்குளம்_கமிஷன்

கூலி நாள் விஷயம் சரியான பேச்சு. அதை அட்டவணையில இருந்து எடுத்துருங்க தம்பி. வண்டிக்காரனுக்கு அது ஏற்கெனவே தெரியும். அவன் கேலண்டரே அதுதான்.

எங்க கடையில சரக்கு எடுக்குற ரெண்டு மூணு பேர் கிட்ட இன்னைக்குக் காலையில பேசினேன். குரல் பதிவு யோசனை பிடிச்சிருக்கு. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள ஊர்ல இருந்து என்ன வேணும்னு வந்துட்டா வெண்டையும் அவரையும் தைரியமா எடுக்கலாம்னு சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் தயங்கினார். கேட்டுட்டு வாங்காம விட்டா யார் பொறுப்புன்னார். நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியலை.

மூலக்கரைப்பட்டி_மதினி

நான் எங்க ஊருக்கு வார செவ்வாய்க்கிழமை வண்டிக்காரர் கிட்டயே கேட்டுட்டேன். நம்ம ஊர்ல ஒருத்தர் சொல்லிட்டு வாங்காம இருந்தா மறுவாரம் அவருக்கு மைக்ல பேர் சொல்லிருவேன்னு சிரிச்சார். அது போதும், எங்க ஊர்ல அதுக்கு மேல தண்டனை கிடையாது.

நேரத்தை மாத்துறதுக்கு ஒத்துக்கிட்டார். பதினொண்ணுக்குப் பதிலா நூறு நாள் வேலை முடிஞ்சு ஆளுக வீடு வந்து சேருற நேரத்துக்கு எங்க ஊரைக் கடைசியா வச்சுக்கிடுதாராம். ஆனா கடைசின்னா கழிச்ச காய்தானே வரும்னு நான் கேட்டேன். முதல்லயே சொல்லி வச்சவங்களுக்குத் தனிச் சாக்குல கட்டி வச்சிருவேன்னார். பாப்போம். அகத்தியும் முருங்கையும் ஆஞ்சு கட்டிக் குடுக்க எங்க தெருவிலயே ரெண்டு வயசான அக்காமார் இருக்காவ, பீடி சுத்தக் கண்ணு தெரியலைன்னு வீட்டுல இருக்கவிய. அவியளைக் கேட்டுருக்கேன்.

தகவல் வேணும்னு அவர் கடன் நோட்டைப் பத்திப் பேச்செடுத்தேன். முகம் மாறிருச்சு. பாதி ஊர் பேர் அதுல இருக்கு, யாருக்கும் காட்ட மாட்டேன்னுட்டார். அதைக் கேக்காதிய யாரும்.

அவரா ஒண்ணு கேட்டார், அதை உங்க அட்டவணையில கட்டாயம் சேருங்க: கோயில் கொடைத் திருவிழா தேதி. ஒரு ஊர்ல கால்நாட்டிட்டா கொடை முடியுற வரைக்கும் எந்த வீட்டுலயும் மீனு கறி எடுக்க மாட்டாவ, அந்த வாரம் காய் எவ்வளவு கொண்டு போனாலும் பத்தாது. பங்குனி, சித்திரையில ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தேதி. தெரியாம போன வருஷம் ஒரு ஊர்ல மத்தியானத்துக்குள்ள வண்டி காலியாகி வெறும் தராசோட நின்னாராம். சுடலைமாடனுக்கு ஒரு தேதி, அம்மனுக்கு ஒரு தேதி, முன்னாடியே சொல்லிட்டா முந்தின ராத்திரியே கூடச் சரக்கு எடுத்துருவேன்னார்.

உவரி_சாளை

அந்தத் தேதியெல்லாம் எங்க அண்ணாச்சிக்கும் அனுப்புங்க. அவருக்கு எந்த ஊருக்குப் போகக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான் பிழைப்பு.